பிரச்சனைக் கணக்கைச் சமன்பாடாக மாற்றுதல்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கிலும் கைதேர்ந்த மாணவன் ஒருவனைக் கரும்பலகைக்கு அழைத்து, 3ய + 5 = 20 என்று எழுதிக் கொடுத்தால், 5ஐ நீக்கி, 15ஐ 3ஆல் வகுத்து, ய = 5 என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறான். அதே கணக்கைப் பேனா விலையாகவும் நோட்டுப் புத்தக விலையாகவும் நாலு வரிக் கதையாக்கிக் கொடுத்தால், கதையை இருமுறை படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான். தமிழ்ப் பள்ளிகளில் ‘பிரச்சனைக் கணக்கு’ என்று வழங்குவது இதனைத்தான். பெயருக்கேற்பப் பிரச்சனையாகவே அது நின்றுவிடுகிறது.

இத்தகைய மாணவனுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. கணக்கு அவனுக்கு வருகிறது. வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்குப் போகும் பாதைதான் தெரியவில்லை. அந்தப் பாதையை வகுப்பில் நாம் எவ்வளவு நேரம் கற்பிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு ஒரு வாரப் பாடம். அதை அமைப்பதற்கோ, “தெரியாததை ய எனக் கொள்க” என்னும் ஒற்றை வரி. ஆறாண்டுத் தமிழ்ப் பள்ளிப் படிப்பை முடித்து இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்துக்குச் செல்லும் பிள்ளை, இயற்கணிதத்தை முறையாகச் சந்திக்கும் அதே ஆண்டில் பாட மொழியும் மாறிவிடுகிறது. பாதை தெரியாதவனுக்கு அங்கே விளக்கும் அணைந்தாற்போல் ஆகிவிடுகிறது.

முதலில் ஊகம், பிறகு எழுத்து

லண்டன் பிரிட்டிஷ் அரும்பொருட் சாலையில் எகிப்தியக் கணக்குச் சுருள் ஒன்று இருக்கிறது. ஆமோஸ் என்னும் எழுத்தர் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் படியெடுத்தது அது. அதிலே ஒரு கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19, அளவு யாது? எகிப்தியரிடம் ய என்னும் குறி இல்லை. ஆகவே அளவு 7 என்று வைத்துப் பார்த்தார்கள். 7உம் அதன் ஏழில் ஒரு பங்காகிய 1உம் சேர்ந்து 8. வேண்டுவதோ 19. எனவே 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, அத்தனை மடங்காக 7ஐயும் ஆக்கினார்கள். விடை 16⅝.

இந்தப் பழைய தந்திரத்தில் இன்றைய ஆசிரியருக்குப் பெரிய உதவி ஒன்று அடங்கியிருக்கிறது. விடை தவறாக இருந்தாலும், அது தவறு என்று சோதித்து அறிய முடிகிற மாணவன், சமன்பாட்டை ஏற்கெனவே பாதி அமைத்துவிட்டான். இதை நம்மவர் யாவரும் அறிந்த விடுகதைக் கணக்கொன்றில் காண்போம்.

பறந்து சென்ற பறவைக் கூட்டத்தைப் பார்த்து, மரத்தில் தனித்திருந்த பறவை ஒன்று, “நீங்கள் நூறு பேரா?” என்று கேட்டதாம். “இல்லை, நாங்களும், எங்கள் அளவு இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு” என்று விடை வந்ததாம்.

‘ய’ என்று தொடங்க வேண்டா. பறவைகள் 20 என்று ஒரு பிள்ளை சொல்லட்டும். சரியா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: இடையிலே கூட்டிச் சுருக்கக் கூடாது, 20 என்னும் எண் வரும் இடமெல்லாம் 20 ஆகவே நிற்க வேண்டும்.

20 + 20 + 20/2 + 20/4 + 1

கூட்டினால் 56. நூறு இல்லை. இன்னொரு பிள்ளை 40 என்கிறது.

40 + 40 + 40/2 + 40/4 + 1

கூட்டினால் 111. இதுவும் இல்லை, ஆனால் விடை 20க்கும் 40க்கும் இடையே இருக்கிறது என்பது வகுப்புக்கே புலப்பட்டுவிடும். இப்போது இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, “எது மாறியது, எது மாறவில்லை?” என்று கேட்க வேண்டும். வகுக்கும் 2உம் 4உம் மாறவில்லை; கடைசி 1 மாறவில்லை; வர வேண்டிய 100உம் மாறவில்லை. மாறிய இடத்தில் மட்டும் ய என்று எழுதினால்:

ய + ய + ய/2 + ய/4 + 1 = 100

சமன்பாடு தானாக வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் 4ஆல் பெருக்கினால் 11ய + 4 = 400; ஆகவே 11ய = 396; ய = 36. மாணவன் ய என்பதை வானத்திலிருந்து விழுந்த குறியாகக் கருதாமல், தான் ஊகித்த எண் உட்கார்ந்திருந்த இருக்கையாகக் காண்கிறான். இவ்வளவு மெதுவாகப் போனால் பாடத்திட்டம் முடியாது என்று ஆசிரியர் சிலர் குறைபடக்கூடும். முதல் இரண்டு வாரம் மெதுவாகச் செல்வதே பிறகு வரும் இரண்டு ஆண்டுகளுக்கு மிச்சம்.

எழுத்து ஒரு பொருளன்று, ஓர் எண்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட் என்பவர் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கணித ஆசிரியரிடையே பெயர் பெற்றது. “இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் தொகை, பேராசிரியர் தொகையைப் போல் ஆறு மடங்கு” என்னும் செய்தியைச் சமன்பாடாக எழுதச் சொன்னார்கள். எழுதியவர் பொறியியல் முதலாண்டு மாணவர்கள். சிறு பிள்ளைகள் அல்லர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பிழை செய்தனர். பெரும்பாலோர் செய்த பிழை ஒன்றே. மாணவர் தொகை ம என்றும், ஆசிரியர் தொகை ஆ என்றும் கொண்டால், அவர்கள் எழுதியது 6ம = ஆ. சரியான சமன்பாடு ம = 6ஆ.

இது கவனக்குறைவால் வந்த பிழையன்று. எழுதியவரின் மனக்கண்முன் ஓர் ஆசிரியரும் அவரெதிரே ஆறு மாணவரும் நிற்கின்றனர். அந்தப் படத்தை அப்படியே தாளில் இறக்கி, மாணவர் பக்கத்தில் 6ஐ வைத்துவிடுகிறார். அவருக்கு ம என்பது ‘மாணவர்’ என்னும் சொல்லின் சுருக்கமாகிவிட்டது. சமன்பாட்டிலோ ம என்பது மாணவர் அல்ல, மாணவரின் எண்ணிக்கை. 10 ஆசிரியர், 60 மாணவர் என்று வைத்துப் பார்த்தால் 6 × 60 = 10 என்று வரும்; உடனே தவறு வெளிப்பட்டுவிடும். ஆனால் வைத்துப் பார்ப்பதற்கு யாரும் பழக்கவில்லையே!

நம் பிள்ளைகளுக்கு இந்த மயக்கம் இன்னொரு வழியாகவும் வருகிறது. 1 ரிங்கிட் = 100 சென் என்று முதல் வகுப்பிலிருந்தே எழுதிப் பழகியிருக்கிறார்கள். இங்கே ரிங்கிட், சென் என்பன அலகுகளின் பெயர்கள். ஒருவனிடம் உள்ள பணத்தை ரிங்கிட்டில் எண்ணினால் வரும் எண் ர என்றும், அதையே சென்னில் எண்ணினால் வரும் எண் ச என்றும் கொண்டால், சமன்பாடு ச = 100ர ஆகும். 5 ரிங்கிட்டுக்கு 500 சென் அன்றோ? ஆனால் பழைய வாய்பாட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை ர = 100ச என்று எழுதும். அலகுப் பெயருக்கும் எண்ணுக்கும் ஒரே எழுத்தை வைத்ததால் விளைந்த விபரீதம் இது.

பொருளின் முதலெழுத்தையே குறியாகக் கொள்ளும் வழக்கம் இந்த மயக்கத்துக்கு எண்ணெய் வார்க்கிறது. மாம்பழத்துக்கு ம, கோழிக்குக் கோ என்று எழுதினால், 3கோ என்பதைப் பிள்ளை ‘மூன்று கோழி’ என்றுதான் படிக்கும். பழைய இந்தியக் கணித நூலோர் இவ்விடத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தனர் எனலாம். கி.பி. 628இல் நூல் செய்த பிரமகுப்தர் தெரியாத எண்களை நிறங்களின் பெயரால் குறித்தார். முதல் தெரியாத எண்ணுக்கு ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று பொருள்படும் யாவத்-தாவத் என்னும் தொடர் வழங்கிற்று, சுருக்கமாக ‘யா’. அடுத்தவை கருமைக்குக் ‘கா’, நீலத்துக்கு ‘நீ’, மஞ்சளுக்குப் ‘பீ’. கணக்கில் குதிரை வந்தாலும் குரங்கு வந்தாலும் குறி யா தான்.

குதிரைக் கணக்கே ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கராசாரியார் பீஜகணிதம் என்னும் நூலில் தருவது: ஒருவனிடம் 6 குதிரைகளும் 300 நாணயமும் உள்ளன. மற்றவனிடம் 10 குதிரைகள் உள்ளன. ஆனால் அவனுக்கு 100 நாணயம் கடன். குதிரைகள் யாவும் ஒரே விலை. இருவரும் சமச் செல்வர். குதிரையின் விலை என்ன?

இதில் ய என்பது எது? குதிரை என்று சொல்லும் மாணவன் வழி தவறிவிட்டான். ‘ஒரு குதிரையின் விலை, நாணயத்தில்’ என்பதே விடை. ய என்று எழுதும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு முழு வரி எழுத வைப்பது ஒன்றே மருந்து. சமன்பாட்டின் உயிர்நிலை எங்கே? ‘சமச் செல்வர்’ என்னும் சொல்லில். இதன் செல்வம் ஒரு பக்கம், அதன் செல்வம் மறு பக்கம்:

6ய + 300 = 10ய − 100

4ய = 400; ய = 100. இருவருக்கும் 900 என்று சரிபார்க்கலாம். பாஸ்கரர் காலத்தில் ‘=’ என்னும் குறி கிடையாது; இரு பக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினர். சமக் குறி 1557இல் இராபர்ட் ரெக்கார்ட் என்னும் ஆங்கிலேயர் நூலில் தோன்றியது. தெரிந்த எண்களுக்கும் தெரியாத எண்களுக்கும் எழுத்துகளை முறையாக ஆண்டவர் பிரான்சு நாட்டு வியத், ஆண்டு 1591. ‘அல்ஜிப்ரா’ என்னும் பெயர் 9ஆம் நூற்றாண்டு அல்-குவாரிஸ்மியின் அரபு நூலின் தலைப்பிலிருந்து வந்தது. அந்த நூல் முழுவதும் சொற்களால் ஆனதேயன்றிக் குறிகளால் ஆனதன்று. பேரறிஞர்களுக்கே சொல்லிலிருந்து குறிக்கு வர இத்தனை நூற்றாண்டு பிடித்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு பாடவேளையில் வந்து சேரவில்லை என்று கோபித்துக்கொள்ளலாமா?

சொல்லைப் பிடித்துத் தொங்குதல்

வகுப்பறைச் சுவர்களில் ஒரு பட்டியல் தொங்குவதுண்டு. ‘அதிகம், மொத்தம், சேர்ந்து என்றால் கூட்டு, குறைவு, மீதி என்றால் கழி, மடங்கு என்றால் பெருக்கு, பங்கு என்றால் வகு.’ தேர்வு நெருங்கும்போது துணைப்பாட வகுப்புகளில் இதை மந்திரம்போல் ஓதுகிறார்கள். எளிய கணக்குகளுக்கு இது உதவும் என்பது மெய், உதவுவதுதான் ஆபத்து. 

“முருகனிடம் 35 ரிங்கிட் உள்ளது. இது கண்ணனிடம் உள்ளதைவிட 8 ரிங்கிட் அதிகம். கண்ணனிடம் எவ்வளவு?” ‘அதிகம்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் பட்டியல் படித்த பிள்ளை 35 + 8 = 43 என்கிறது. உண்மையில் 35 = ய + 8; ய = 27. இங்கே கூட்டல் இருக்கிறது. பட்டியல் சொன்னது பொய்யன்று. ஆனால் கூட்டல் தெரியாத எண்ணோடு நிகழ்கிறது. விடை காண்பதற்கான செய்கை வேறு, கதையில் நிகழும் செய்கை வேறு. சமன்பாடு கதையில் நிகழ்வதைத்தான் எழுதுகிறது. விடை காணும் செய்கை பிறகு வருவது. எண்கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்கு வரும் மாணவன் கடக்க வேண்டிய வாய்க்கால் இதுவே.

சொல்லையும் எண்ணையும் மட்டும் பிடுங்கிக் கொள்ளும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரான்சில் நடந்த சோதனை ஒன்று சான்று. 1980ஆம் ஆண்டை ஒட்டிக் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 76 பிள்ளைகள் அந்த எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கணக்கிட்டுக் கூறிவிட்டனர். இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. கேட்ட கேள்விக்கெல்லாம் விடை உண்டு என்றும், கொடுத்த எண்ணையெல்லாம் பயன்படுத்தியாக வேண்டும் என்றும் அவர்களைப் பழக்கியது யார் என்று கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

மூன்று மொழியில் ஒரே கணக்கு

நம் நாட்டுப் பிள்ளைக்கு வேறெந்த நாட்டுப் பிள்ளைக்கும் எளிதில் வாராத ஒரு தொல்லையும், அதனோடு ஒரு வாய்ப்பும் உண்டு. தமிழில், “12இலிருந்து 5ஐக் கழி” என்கிறோம். 12 முன்னே, 5 பின்னே. எழுதுவதும் 12 − 5. மலாயில் “தோலாக் 5 டாரிபாடா 12” என்கிறார்கள். ஆங்கிலத்திலும் 5 முன்னே, 12 பின்னே. தமிழில் சொல் வந்த வரிசையிலேயே எழுதிப் பழகிய பிள்ளை, முதல் படிவத்தில் மலாய் வாக்கியத்தையும் அதே வரிசையில் எழுதி 5 − 12 என்று கொண்டுபோய் நிறுத்துகிறது. எண் இருக்கும்போது பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து எப்படியோ தப்பித்துக் கொள்ளும். 12 இருந்த இடத்தில் ய வந்துவிட்டால், 5 − ய என்பது தவறென்று காட்டிக் கொடுப்பார் யாருமில்லை.

தமிழ் எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டா. “கண்ணனைவிட முருகனுக்கு 8 ரிங்கிட் அதிகம்” என்னும் வாக்கியத்தை வரிசையாக எழுதும் பிள்ளை க = மு + 8 என்று எழுதும்; சரியானது மு = க + 8. ஒப்பிடப்படுபவன் முன்னே வந்துவிடுவதுதான் காரணம். யாரிடம் கூடுதல் என்று கேட்டால் அதே பிள்ளை “முருகனிடம்” என்று சரியாகச் சொல்லும். அதாவது பொருள் விளங்கியிருக்கிறது. கைதான் சொல்லின் பின்னால் போய்விட்டது.

இன்னோரிடத்தில் தமிழ் நமக்குப் பெரும் துணை. “ஓர் எண்ணுடன் 4ஐக் கூட்டி, வந்ததை 3ஆல் பெருக்கி, அதிலிருந்து 7ஐக் கழித்தால் 20 வரும்” என்பதைப் பாருங்கள். கூட்டி, பெருக்கி, கழித்தால் என்று வினையெச்சங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிகழ்ச்சி நடந்த வரிசையிலேயே வருகின்றன. ய; பிறகு ய + 4; பிறகு 3(ய + 4); பிறகு 3(ய + 4) − 7; இறுதியில் = 20. ஒவ்வோர் எச்சமும் முடியும் இடத்தில் ஓர் அடைப்புக்குறி மூடுகிறது. விடை 5. அடைப்புக்குறி எதற்கு என்று விளங்காமல் திண்டாடும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. “கண்ணனின் பணத்தில் மும்மடங்குக்கு 4 ரிங்கிட் குறைவு” என்பதும், “கண்ணனின் பணத்தில் 4 ரிங்கிட் குறைத்து அதன் மும்மடங்கு” என்பதும் முறையே 3க − 4, 3(க − 4) என்று வேறுபடுவதைத் தமிழிலேயே வாயால் சொல்லிப் பழக்கலாம்.

ஆகவே மலாய் வாக்கியத்தைக் கண்டு மலைக்கும் மாணவனுக்கு உரிய வழி, அதை முதலில் தன் தமிழில் நிகழ்ச்சி வரிசைப்படி சொல்லிப் பார்த்தல். பிறகு சமன்பாடு எழுதுதல். மொழி மாற்றத்தைக் கணித நேரத்தை விழுங்கும் வேலையாகக் கருதலாகாது. சமன்பாடு அமைத்தலே ஒரு மொழிபெயர்ப்பு என்பது ஜார்ஜ் போல்யா என்னும் கணித அறிஞர் 1945இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய கருத்து. அவருக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே நியூட்டன் அதைச் செய்தே காட்டிவிட்டார். 1707இல் வெளிவந்த அவருடைய இயற்கணித நூலில், ஒரு வணிகன் கதையை இடப்பக்கம் சொல்லிலும் வலப்பக்கம் குறியிலும் வரிக்கு வரி எதிரெதிராக வைத்திருக்கிறார். அந்த வணிகன் ஆண்டுதோறும் 100 பவுனைக் குடும்பத்துக்குச் செலவிட்டு, மீதியைத் தன் மூன்றில் ஒரு பங்கால் பெருக்குகிறான். மூன்றாண்டில் செல்வம் இரட்டிக்கிறது.

தொடக்கத்தில் இருந்த பணம்: ய

முதலாண்டுச் செலவு போக: ய − 100

மூன்றில் ஒரு பங்கு கூடியபின்: (4ய − 400)/3

இரண்டாம் ஆண்டு அவ்வாறே முடிந்தபின்: (16ய − 2800)/9

மூன்றாம் ஆண்டு முடிந்தபின்: (64ய − 14800)/27

அது முதலில் இருந்ததைப் போல் இரு மடங்கு: (64ய − 14800)/27 = 2ய

10ய = 14800; ய = 1480 பவுன். எண்ணால் சரிபார்த்தால், 1480 முதலாண்டு முடிவில் 1840, பிறகு 2320, பிறகு 2960. நீண்ட கதையாயினும் எந்த ஒரு வரியும் கடினமன்று. ‘சமம்’ என்னும் குறி கடைசி வரியில் மட்டுமே வருவதைக் கவனிக்க வேண்டும். அதுவரை உள்ளவை எல்லாம் பெயரிடுதல். கடைசி வரியே சமன்பாடு. நம் மாணவர் முதல் வரியிலிருந்தே சமக் குறி போட்டுக்கொண்டு வருவதால்தான் எது எதற்குச் சமம் என்பதே மறந்துபோகிறது.

கட்டமும் கோடும்

ஒரே அளவை இரு வழியில் சொல்ல முடியும்போதுதான் சமன்பாடு பிறக்கிறது. அந்த இரண்டு வழிகளைக் கண்ணால் காணக் கட்டம் போடுவது நல்ல பழக்கம். தந்தையின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. 6 ஆண்டுக்குப் பின் 3 மடங்காகும். மகள் இப்போது ய, தந்தை 4ய. 6 ஆண்டுக்குப் பின் மகள் ய + 6, தந்தை 4ய + 6. நான்கு கட்டமும் நிரம்பிய பிறகே 4ய + 6 = 3(ய + 6) என்று எழுத வேண்டும். ய = 12; தந்தைக்கு 48. கட்டம் போடாதவன் ஒருவருக்கு மட்டும் 6ஐக் கூட்டி மற்றவரை இளமையிலேயே நிறுத்திவிடுவான்.

நாணயக் கணக்கிலும் இப்படித்தான். 20 சென், 50 சென் நாணயங்கள் சேர்ந்து 30. மொத்தம் 9 ரிங்கிட் 60 சென். 20 சென் நாணயம் எத்தனை? எண்ணிக்கை ஒரு நிரை, மதிப்பு மற்றொரு நிரை. எண்ணிக்கை ய, 30 − ய. மதிப்பு 20ய, 50(30 − ய). மதிப்பைச் சென்னில் எழுதினால் மொத்தமும் சென்னில்தான்: 20ய + 50(30 − ய) = 960; ய = 18. சமன்பாட்டின் ஒரு பக்கம் சென்னும் மறு பக்கம் ரிங்கிட்டுமாக நிற்கக் கூடாது என்பதைக் கட்டமே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சைச் சேர்ந்த பாடத்திட்டக் குழு 1980களில் உருவாக்கிய பட்டைப் பட முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. முருகனிடம் கண்ணனைவிட 8 ரிங்கிட் அதிகம், இருவருக்கும் சேர்த்து 62 என்றால், கண்ணனுக்கு ஒரு பட்டை, அதன்கீழ் முருகனுக்கு அதே நீளப் பட்டையும் 8 என்னும் துண்டும். படத்தைப் பார்த்தே 62இல் 8ஐ நீக்கி இரண்டாகப் பிரித்து 27 என்று சொல்லிவிடலாம். இது தொடக்கப் பள்ளிக்கு மிகவும் ஏற்றது. ஆனால் பட்டையின்மேல் ய என்று எழுதி, ய + ய + 8 = 62 என்று படத்தின் அருகிலேயே எழுதிக் காட்டுகிற ஆசிரியர், பிள்ளையை மேல் வகுப்புக்குத் தயார் செய்துவிடுகிறார். பட்டையை விட்டால் வேறு வழியில்லை என்று பழக்கிவிட்டாலோ, இடைநிலைப் பள்ளியில் அதைக் கைவிடச் சொல்லும்போது பிள்ளை தவித்துப்போகும். நியூட்டனின் வணிகனுக்குப் பட்டை வரைந்து பார்த்தால் இது விளங்கும்.

விடையைக் கதைக்குத் திருப்புதல்

விடை வந்ததும் சமன்பாட்டில் பதிலிட்டுப் பார்ப்பது போதாது. சமன்பாடே தவறாக அமைந்திருந்தால், தவறான விடையும் அதில் சரியாகப் பொருந்தும். கதையில் வைத்தே பார்க்க வேண்டும். 20 விழுக்காட்டுக் கழிவுக்குப் பின் ஒரு சட்டை 48 ரிங்கிட். பழைய விலை என்ன? 48இல் 20 விழுக்காட்டைக் கூட்டி 57 ரிங்கிட் 60 சென் என்பார் பலர். 57.60இல் 20 விழுக்காடு கழித்துப் பார்த்தால் 46.08தான் வருகிறது; 48 வரவில்லை. 0.8ய = 48 என்று எழுதியவனுக்கு 60 கிடைக்கும்; 60இல் 12 போனால் 48.

சில வேளைகளில் சமன்பாடு, கேட்டவர் எதிர்பாராத செய்தியையும் சொல்லும். தந்தைக்கு வயது 40, மகனுக்கு 10. எத்தனை ஆண்டுக்குப் பின் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 6 மடங்காகும்? 40 + ய = 6(10 + ய) என்று எழுதித் தீர்த்தால் ய = −4. மாணவன் எங்கோ பிழை செய்துவிட்டதாக அஞ்சி அழிப்பானைத் தேடுவான். பிழை ஒன்றுமில்லை. 4 ஆண்டுக்கு முன் தந்தைக்கு 36, மகனுக்கு 6. ‘பின்’ என்று கேட்ட கேள்விக்கு, ‘முன்’ என்று சமன்பாடு திருத்திச் சொல்லியிருக்கிறது.

ஆனால் எல்லாக் குறை எண்ணையும் இப்படி ஏற்றுக்கொள்ள முடியாது. பாஸ்கரரின் பீஜகணிதத்தில் குரங்குக் கணக்கு ஒன்று வருகிறது. ஒரு குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் 3ஐக் குறைத்து, அதைத் தன்னாலேயே பெருக்கிய தொகையினவான குரங்குகள் குகைக்குள் போய்விட்டன, ஒன்று மட்டும் மரத்தில் தெரிகிறது, கூட்டம் எத்தனை? (ய/5 − 3)² + 1 = ய என்னும் சமன்பாட்டுக்கு 50, 5 என்று இரண்டு விடைகள் உள்ளன; இரண்டும் சமன்பாட்டில் பிசகின்றிப் பொருந்துகின்றன. கூட்டம் 50 என்றால் ஐந்தில் ஒரு பங்கு 10. 3 போக 7. 49 குரங்குகள் குகையில், ஒன்று மரத்தில். கூட்டம் 5 என்றாலோ ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் 3ஐக் குறைக்க வேண்டும். இருக்கிற ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கை எப்படி எடுப்பது? பாஸ்கரர் 5ஐ விலக்கிவிட்டு 50ஐ மட்டும் விடையாகக் கொண்டார்.